ஆறு பேர் இறங்கிய கணக்கு

கணக்குப் புத்தகத்து ஆட்கள் எங்கள் காரைக்குண்டுக்கு நடந்து வரத் தொடங்கியது எந்த வருசம் என்று கேட்டால், கண்மாய் தொடர்ந்து மூன்றாவது தடவையாகப் பெருகாமல் போன வருசம் என்று சொல்லுவோம், மாசம் கேட்டால் தை என்போம், நேரம் கேட்டால் பள்ளிக்கூடம் விட்டு, சைக்கிள் கொட்டகையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்த சாயங்கால நேரம் என்போம், ஏன் வந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், வெயில் ஏன் வருகிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

முதலில் வந்தவர் ஒரு ஏணிக்காரர். ஐந்து மீட்டர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோடு வந்தவர், கொட்டகைச் சுவரில் அதைச் சாய்த்து, அதன் காலைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, அளந்து வைத்தது மாதிரி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். வெள்ளையடிக்க வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தோம். தண்ணி குடிக்கிறீகளா என்று கேட்டதற்கு, "ஏணியின் உச்சி சுவரை எவ்வளவு உயரத்தில் தொடும்?" என்றார். சாப்பிட்டீகளா என்றதற்கும் அதையேதான் சொன்னார். எந்த ஊர் என்றதற்கும் அதையேதான் சொன்னார்.

பிள்ளைகளுக்குத்தான் அவரை அடையாளம் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் பாஸாக வேண்டும், பாஸாவதற்கு முப்பத்தைந்து மார்க் போதும், அதற்கு வரைபடம் ஒன்று, வட்டத்துக்குத் தொடுகோடு ஒன்று, ஒரு மார்க் கேள்விகள் பதினான்கு, இரண்டு மார்க் கேள்விகள் மூன்று என்று பிரிசில்லா டீச்சர் ஒரு சின்னப் புத்தகம் போட்டுக் கொடுத்திருந்தார், அதற்கு மெட்டீரியல் என்று பேர். ஏணி வருகிற கணக்கு, படகு வருகிற கணக்கு, அப்பனுக்கும் மகனுக்கும் வயசு கேட்கிற கணக்கு, இத்தனை ஆள் இத்தனை நாள் என்கிற கணக்கு, இப்படி ஆட்கள் நடமாடுகிற கணக்கை எல்லாம் யாரும் தொடுவதில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் நோட்டு நிறைந்திருக்க வேண்டுமே, அதனால் கேள்வியை மட்டும் அழகாக எழுதி, கீழே ஏழு வரி காலியாக விட்டு வைப்பார்கள். இப்படியே பத்துப் பதினைந்து வருசமாக எத்தனையோ நோட்டில் எத்தனையோ பேர் ஏழு வரி வெற்றிடத்துக்கு மேலே நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். காத்திருந்து கால் கடுத்துப் போய்த்தான் நடந்து வந்துவிட்டார்கள் என்று பின்னால் நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

ஏணிக்காரர் நாகவள்ளியின் நோட்டிலிருந்து வந்தவர். நாகவள்ளிக்குக் கணக்கு வராது. வகுப்பில் நன்றாகப் போடுகிற பிள்ளை ஒன்றுக்கு மூன்று நான்கு மக்குப் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார் டீச்சர், அந்தக் கணக்கில் நாகவள்ளி முனீஸ்வரியிடம் வந்து சேர்ந்தாள், கூடவே சகுபர் சாதிக் என்கிற பையனும். முனீஸ்வரி மனசிலேயே போட்டு நான்கு மீட்டர் என்றாள், நாகவள்ளி அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதினாள், ஏணிக்காரர் நகரவில்லை. மறுநாளும் நின்றார். நாகவள்ளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்து எழுதுனா எப்படிடி போவாரு?" என்றாள் முனீஸ்வரி. "உன் நோட்டுல இருந்து வந்த மனுசன். உனக்குப் புரியணும்."

"எனக்குப் புரியிறதுக்குள்ள அவருக்குக் கால் வீங்கிரும்."

"வீங்கட்டும். உக்காரு."

முனீஸ்வரி தரையில் கரிக்கட்டியால் மூன்று பக்கம் வரைந்தாள், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரம் வரைந்து கட்டம் பிரித்தாள், ஒன்பது கட்டம் இங்கே, இருபத்தைந்து கட்டம் அங்கே, நடுவில் எத்தனை வேண்டும் என்று கேட்டாள். சகுபர் புளியங்கொட்டைகளைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்தான். மூன்று சாயங்காலம் ஆனது. மூன்றாவது சாயங்காலம் நாகவள்ளி பதினாறு கொட்டைகளையும் நாலுக்கு நாலாக அடுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் நோட்டில் எழுதினாள். ஏணிக்காரர் குனிந்து அதைப் பார்த்தார், ஏணியைத் தூக்கினார், வந்த வழியே போனார். நாகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், முனீஸ்வரி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீரில்லாத எங்கள் கண்மாய்க்குள் ஒருவர் படகை இழுத்து வந்து போட்டு, நீரோட்டத்தின் வேகம் என்ன என்றார். ரயில் இல்லாத ஊரில் ஒரு பெண் பெட்டியோடு வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எதிரெதிரே வருகிற இரண்டு ரயில்கள் எப்போது சந்திக்கும் என்றாள். மகன் வயசைப் போல மூன்று மடங்கு வயசான தகப்பன் ஒருவர் மகனோடு வந்து, அம்மன் கோயில் மண்டபத்தில் தங்கி, ஐந்து வருசத்துக்கு முன்னால் எங்கள் வயது என்ன என்று போவோர் வருவோரை எல்லாம் கேட்டார். பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டோம். அவர்கள் சோறு கேட்கவில்லை, பாய் கேட்கவில்லை. தங்கள் கணக்கில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர்கள் பேச மாட்டார்கள் என்பதையும், கணக்கு என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்துகொண்டே இருப்பார்கள் என்பதையும், எந்தப் பிள்ளையின் நோட்டிலிருந்து வந்தார்களோ அந்தப் பிள்ளைக்குப் புரிந்து விடை வந்தால்தான் போவார்கள் என்பதையும் ஒரு மாசத்துக்குள் ஊரே தெரிந்துகொண்டது. சாயங்காலமானால் சைக்கிள் கொட்டகையில் முப்பத்தியொரு பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், சுற்றி நின்று அந்த ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூட்டக்கார சேதுராசுதான் முதலில் கண்டுபிடித்தவர், இந்த ஆட்களால் என்ன பிரயோசனம் என்று. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறொன்றும் விளையாது. அதை வெட்டி, ஆள் உயரத்துக்கு மேல் கோபுரமாக அடுக்கி, ஈரமண் பூசி மூடி, உள்ளே தீ வைத்துப் பல நாள் புகையவிட்டால் விறகு கரியாகும், அதற்குத்தான் கரிமூட்டம் என்று பேர். ஊரில் பாதிப்பேருக்குச் சேதுராசுவின் மூட்டத்தில்தான் வேலை. பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையை இருபது நாளில் முடிப்பர் என்று சொல்லிக்கொண்டு பன்னிரண்டு பேர் வந்ததும் அவர்களை நேரே கருவேலங்காட்டுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கணக்கு சகுபரின் நோட்டில் இருந்தது. கொட்டகைக்கு ஒரு பெரிய காராச்சேவு பொட்டலத்தோடு வந்தார் சேதுராசு.

"மருமகனே, அந்தப் பன்னெண்டு ஆள் கணக்கை மட்டும் பரீட்சை வரைக்கும் போடாத. மத்தது எல்லாத்தையும் போடு."

பிள்ளைகள் சேவைத் தின்றார்கள். நாலாம் நாள் சகுபர் கணக்கைப் போட்டுவிட்டான், பன்னிரண்டு பேரும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏண்டா இப்படிப் பண்ணுன?" என்று வந்து நின்றார் சேதுராசு.

"சேவு நல்லாருந்துச்சு மாமு. தெம்பு வந்துருச்சு."

சேதுராசு சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து சகுபரின் வாப்பா வைத்திருந்த மினி லாரிக்குக் கரி லோடு வரவில்லை. நாங்கள் பார்த்தோம். எங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சேதுராசு சம்பந்தப்பட்ட விசயம் எதையும் பார்ப்பதும் பேசாமலிருப்பதும் எங்களுக்குப் பழகியிருந்தது.

நாகவள்ளியின் அப்பா வில்லாயுதம் வீட்டுக்கு வராமல் போய் அப்போது இரண்டு வருசம். சேதுராசுவின் மூட்டத்துக்கு ஏழு பேரில் ஒருவராக வேலைக்குப் போனவர். அவர் மனைவி பூமயில் அந்தச் சமயம் தன் தாய்க்குத் துணையாகப் பரமக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், மகளும் கூட இருந்தாள். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். "மூணாம் நாளே வேலைய விட்டுட்டுப் போயிட்டானே, திருப்பூருக்குப் போறேன்னான்" என்றார் சேதுராசு. கூட வேலை பார்த்த ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். நாங்களும் ஆமாம் என்றோம். ஆமாம் என்றதோடு விட்டோமா, திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார், அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறாராம் என்று இன்னொருத்தர் சொன்னார். பூமயில் தினம் காலையில் கண்ணாடி பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவாள், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொள்வாள். புருசன் விட்டுவிட்டுப் போனவளா, புருசன் இல்லாதவளா என்று அவளுக்கே தெரியாது. தகப்பன் தங்களை வேண்டாம் என்று போனாரா என்பது ஒன்றுதான் நாகவள்ளிக்குத் தெரிய வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகம் திறக்கும்போதும் அதுதான் அவள் மனசில் ஓடும், மூடும்போதும் அதுதான்.

மாசி பிறந்த ஒரு சாயங்காலம் அவள் சொன்னாள்: "நாம ஒரு கணக்கு எழுதுவோமா? எங்கப்பாவ வச்சு."

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சகுபர் சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"வந்தாகன்னா கேட்டுருவேன். பொய் சொல்ல மாட்டாகல்ல, இந்த ஆளுக."

"கடைசியில ஒரு கேள்வி வேணும்டி" என்றாள் முனீஸ்வரி. "கேள்வி இல்லாம யாரும் வர மாட்டாக."

"எங்கப்பா எங்கன்னு கேப்போம்."

"அது கணக்கு இல்ல. எத்தனை, எவ்வளவு, எப்ப, இதுதான் கேக்கலாம்."

மூன்று பேரும் சேர்ந்து எழுதினார்கள். ஊர் சொன்னதையே எழுதினார்கள், வேறு அவர்களுக்கு என்ன தெரியும்? ஏழு பேர் சேர்ந்து ஒரு கரிமூட்டத்தைப் பத்து நாளில் போட்டு மூடுவர். மூன்றாம் நாள் முடிவில் ஒருவர் விலகினார். மீதி வேலையை ஆறு பேர் எத்தனை நாளில் முடித்தனர்? நாகவள்ளி தன் நோட்டில் அதைச் பென்சிலால் அடிக்கோடிட்டு எழுதி, கீழே ஏழு வரி விட்டு, நோட்டை மூடினாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். ஆறு பேர்தான் வந்தார்கள்.

இதுவரை வந்த கணக்கு ஆட்களுக்கெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி, யாராகவும் இருக்கக்கூடிய ஒரு முகம்தான் இருந்தது. இந்த ஆறு பேருக்கும் எங்கள் ஊர் முகம் இருந்தது. வில்லாயுதத்தோடு வேலை பார்த்த ஆறு பேரின் முகம், இரண்டு வருசத்துக்கு முந்தைய முகம், நரை கொஞ்சம் குறைவாக. வில்லாயுதத்தோடு வேலை பார்த்தவர்களில் ஒருவரான கோட்டைச்சாமி, கோயில் பக்கம் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றவர், ரோட்டில் தானே நடந்து வருகிறதைப் பார்த்து, தீக்குச்சி விரலைச் சுடும் வரை நின்றார். ஆறு பேரும் கொட்டகைக்கு வந்து வரிசையாக நின்று, "மூன்றாம் நாள் முடிவில் ஒருவர் விலகினார்" என்றார்கள்.

பிள்ளைகள் கணக்கைப் போட்டார்கள். ஏழு பத்து எழுபது, மூன்று நாளில் ஏழு பேர் செய்தது இருபத்தொன்று, மீதி நாற்பத்தொன்பது, அதை ஆறு பேருக்குப் பிரித்தால் எட்டு நாளும் ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கும். நாகவள்ளியே போட்டாள், புரிந்து போட்டாள். ஆறு பேரும் நகரவில்லை. முனீஸ்வரி ஒரு தடவை போட்டுப் பார்த்தாள், சகுபர் ஒரு தடவை போட்டுப் பார்த்தான், பிரிசில்லா டீச்சரே குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அதே விடைதான். அதே ஆறு பேர்தான்.

சகுபர்தான் யோசித்துச் சொன்னான். "மூணும் எட்டும் பதினொண்ணு, அதுக்கு மேல கொஞ்சம். அப்படின்னா பன்னெண்டாம் நாள்தான மூட்டம் முடிஞ்சிருக்கணும்? பத்தாம் நாளே மூடிட்டாகளே. அன்னைக்குத்தான முளைப்பாரி, எங்கம்மா வேடிக்க பாக்கக் கூட்டிட்டுப் போனாக, அங்கன மூடுன மூட்டத்துல புகை வந்துச்சு."

நாகவள்ளி தான் எழுதிய விடையை மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

"விடை சரிதான் நாகு" என்றான் அவன். "கணக்குத்தான் தப்பு."

ஆறு பேரும் ஊரில் தங்கிவிட்டார்கள். பகலெல்லாம் அவரவர் முகம் கொண்ட ஆளின் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். கோட்டைச்சாமியின் பெண்சாதி முதலில் பயந்தாள், பிறகு பழகி, வெளியே நிற்கிற புருசனுக்கும் உள்ளே இருக்கிற புருசனுக்கும் சேர்த்தே மோர் கொண்டுவந்தாள், வெளியே இருந்தவர் குடிக்கவில்லை. நாய்கள் ஒருத்தருக்கு வாலாட்டி இன்னொருத்தரைப் பார்த்துக் குரைத்தன, எவருக்கு எது என்று அவற்றுக்கே குழம்பியது. காலையில் எழுந்து வாசலைத் திறந்தால் தன் முகம் நிற்கும், தன் வாய் திறக்கும், மூன்றாம் நாள் முடிவில் ஒருவர் விலகினார் என்று தன் குரலே சொல்லும். ஒருவர் மதுரைக்கு மகள் வீட்டுக்கு ஓடினார், அவருடைய முகமும் மதுரைக்கு நடந்தே போய் அந்த வீட்டு வாசலில் நின்றது. நாங்கள் அதையும் பழகிக்கொண்டோம். வழியில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனோம், அந்த வாக்கியம் காதில் விழாத மாதிரி மழையைப் பற்றிப் பேசினோம்.

பதினோராவது நாள் சாயங்காலம் கோட்டைச்சாமி சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்தார். வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த வரிய அழிச்சிரு தாயி" என்றார்.

"எந்த வரி சித்தப்பு?" என்றாள் நாகவள்ளி.

"விலகினார்ங்கிறத. மூணாம் நாளுங்கிறத."

"அழிச்சிட்டு என்ன எழுதணும்?"

அவர் சொன்னார். சொன்னது இரண்டே வாக்கியம். நாகவள்ளி நோட்டை மடியில் வைத்து, ரப்பரால் அழித்து, தூசியை ஊதிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: பத்தாம் நாள் ஏழு பேர் மூட்டத்தின் மேல் ஏறினர். ஆறு பேர் இறங்கினர். எழுதி முடித்துவிட்டு முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தாள். பென்சில் முனை தாளைக் குத்திக்கொண்டு போனது.

வில்லாயுதம் மறுநாள் வந்தார். மூட்டங்கள் இருக்கிற மேற்குப் பக்கத்திலிருந்து வந்தார். உடம்பெல்லாம் சாம்பல், காலடியிலிருந்து மெல்லிசாகப் புகை. பூமயில் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். திட்ட வேண்டும் என்று இரண்டு வருசமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. உள்ளே ஓடிப்போய்த் தட்டைக் கழுவிச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். அவர் வாசப்படியில் நின்று, "பத்தாம் நாள் ஏழு பேர் ஏறினர், ஆறு பேர் இறங்கினர்" என்றார். பூமயில் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மீதிய நீ போடாத. போட்டா போயிருவாக. சாப்பிடாட்டியும் பேசாட்டியும் கண்ணு முன்னால நிக்கிறாகல்ல. அது போதும்டி எனக்கு."

நாகவள்ளிக்குக் கேட்க வேண்டியது தெரிந்துவிட்டது. அப்பா அவர்களை வேண்டாம் என்று போகவில்லை. இனி கணக்கைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளும் நோட்டைப் பரணில் வைத்துவிட்டாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? வெளியூர் போன வில்லாயுதம் வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டோம். வாய் கூசாமல் சொன்னோம். புகை வருகிறதே என்று குழந்தைகள் கேட்டபோது, வேலை பார்த்த களைப்பு என்றோம். சேதுராசு டவுனிலிருந்து ஒரு டியூசன் வாத்தியாரைக் காரில் கூட்டிவந்து, விடையை முழுத்தாளில் படிப்படியாக எழுதி வாங்கி, பூமயில் வீட்டுக்கே வந்து நீட்டினார். "பாத்து எழுதிரு தாயி. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது." நாகவள்ளி அந்தத் தாளை வாங்கி, அடுப்புக்குள் போட்டாள்.

ஆனால் பொழுது சாயச் சாய ஒன்று நடந்தது. தினமும் நாலு மணி வாக்கில் வில்லாயுதம் நிற்கிற இடத்தில் வாசல் மண் இளகும். கணுக்கால் வரை இறங்குவார், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. வாய் திறந்திருக்கும், கணக்கில் இல்லாத சொல் என்பதால் சத்தம் வராது. பூமயில் அவர் கையைப் பிடித்து இழுப்பாள், கை கொதிக்கும், உள்ளங்கை கொப்புளித்துவிடும், ஆனாலும் விட மாட்டாள். அரை மணி நேரம் கழித்து மண் இறுகும், அவர் மறுபடி படியில் நிற்பார், மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் அதேதான். கணக்கு முடியாத வரைக்கும் அவருக்கு எந்த நாளும் பத்தாம் நாள்தான் என்பது பூமயிலுக்குப் புரிய ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"பரண்ல இருக்கிறத எடு" என்றாள். "போட்டுரு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே முனீஸ்வரியும் சகுபரும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். விடை இருவருக்கும் தெரியும். சொல்லக்கூடாது, சொன்னால் பார்த்து எழுதிய கணக்காகிவிடும். நாகவள்ளி ஏழைப் பத்தால் பெருக்கினாள், எழுபது. பத்து நாளும் ஏழு பேரும் வேலை பார்த்தாயிற்று, அதுவும் எழுபது. எழுபதில் எழுபது போனால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை ஆறால் வகுக்க வேண்டும். அங்கேதான் நின்றாள். ஆறு என்று எழுதினாள், அடித்தாள். ஒன்று என்று எழுதினாள், அடித்தாள். முனீஸ்வரி தாவணி முந்தியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். வாசப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

சகுபர் தரையில் ஆறு வட்டம் போட்டான். முனீஸ்வரி மூடிய கையை நாகவள்ளிக்கு நேரே நீட்டினாள்.

"இதுல இருக்கிறத ஆறு பேருக்கும் பங்கு வையி."

கையைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நாகவள்ளி அந்த வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்தாள், பிறகு பூஜ்ஜியம் என்று எழுதினாள், பக்கத்தில் நாட்கள் என்றும் எழுதினாள்.

வில்லாயுதம் குனிந்து நோட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தாரா என்று கேட்டால், நோட்டைத்தான் பார்த்தார், கணக்கு ஆட்கள் அப்படித்தான். படியை விட்டு இறங்கி மேற்கே நடந்தார். ஊரின் ஆறு வாசலிலிருந்தும் ஆறு பேர் கிளம்பி அவரோடு சேர்ந்தார்கள், மதுரைக்குப் போனவரும் எப்படியோ அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார், ஏழு பேராக, புகையில்லாமல், கருவேலங்காட்டுக்குள் போனார்கள்.

"பூஜ்ஜியம்னா என்னத்தா?" என்று கேட்டாள் பூமயில்.

"மீதி வேலையே இல்லம்மா. அப்பா விழுந்த பொறகு ஒரு நாள்கூட ஆகல. அன்னைக்கே, அப்பவே மூடிட்டாக."

சேதி தெரிந்து நாங்கள் போனோம். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒரு சாவு வீட்டுக்கு எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனோம். பூமயில் அதற்குள் குங்குமத்தை அவளே துடைத்திருந்தாள், வளையலை அவளே கழற்றி வைத்திருந்தாள், எங்களில் யாரும் அவளைத் தொட அவள் விடவில்லை. ஒப்பாரி எடுக்கப் போனவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டு வருசமா நான் பொட்டு வச்சிக்கிட்டு வந்தப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக" என்றாள். "இப்ப அழுக வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு மண்ணு சுமந்தது யாரு?"

அன்றைக்கு மூட்டத்தின் உச்சியில் வெடிப்பு விழுந்தது. பூசுவதற்கு ஏழு பேர் ஏறினார்கள். வில்லாயுதம் நின்ற இடம் உள்வாங்கி இடுப்பு வரை இறங்கிவிட்டார், பிடித்து இழுத்தவர்களின் கை வெந்தது. கீழேயிருந்து சேதுராசு கத்தினார், காத்துப் போகுது, மொத்தமும் சாம்பலாப் போகும், மண்ணப் போடு, மண்ணப் போடு என்று. சத்தம் கேட்டு ஓடிவந்த நாங்களும் கீழே நின்றோம், நாங்கள் எண்பது நாள் வெட்டிய விறகு உள்ளே இருந்தது, எல்லாருடைய எண்பது நாளும் உள்ளே இருந்தது. ஆள் அப்போதே முடிந்துவிட்டார் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டுதான் கூடையைத் தூக்கினோம். எட்டாவது கூடை வரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மூட்டத்தைப் பிரிக்கும்போது சேதுராசு வெளியூர் ஆட்களை வைத்துப் பிரித்தார், மூட்டைகள் லாரியில் போயின, நாங்களோ மண் போட்ட அன்றைக்கே கை கழுவிவிட்டுச் சாயங்காலம் முளைப்பாரி எடுத்தோம்.

கூட்டத்துக்குப் பின்னால் கோட்டைச்சாமி கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து கை. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது, அப்புறம் இன்னொன்று, சிலது தோள் வரைக்கும்தான், சிலது முந்தானைக்குள்ளிருந்து.

"எண்ணு" என்றாள் பூமயில் மகளிடம்.

நாகவள்ளி நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே எங்கள் நடுவில் நடந்தாள். எங்கள் பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தி மூன்று வரைக்கும் எங்கும் தடுக்காமல் வந்தவள், கடைசியில் தூக்கியிருந்த கைக்கு உரியவளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அது முனீஸ்வரியின் அம்மா. நாகவள்ளிக்கு அடுத்த எண் வரவில்லை. திரும்பித் தோழியைப் பார்த்தாள்.

"முப்பத்தி நாலு" என்றாள் முனீஸ்வரி.